மலையகத்திலிருந்து கரும்பொருள் ஆய்வுக்கு: ஆவணம், செலவு, காலம்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்த வேலைக்கு எவ்வளவு மூளை வேண்டும்?" மூளை இருக்கிறது, அதை விடுங்கள். எனக்குத் தெரிந்து பாதியில் நின்றவர்களை நிறுத்தியது கணக்கு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். டிசம்பரில் மூடிய விண்ணப்பத்தை ஜனவரியில் தேடியது. வங்கிக் கார்டில் டொலர் கட்ட முடியாமல் போனது. இவற்றில் பலவற்றில் நானும் மாட்டித்தான் வெளியே வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை என்னவென்று இரண்டே வரியில்: பிரபஞ்சத்தின் மொத்தத்தில் நமக்குத் தெரிந்த அணுக்களால் ஆனது சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27 சதவீதம். அந்தக் கரும்பொருள் எந்தத் துணிக்கையால் ஆனது என்பதை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் வான்துணிக்கைப் பௌதிகவியலாளர்கள்.

1. முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

இதைப் பதினாறு வயதில் தொடங்கினாலும் சீக்கிரம் இல்லை. தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதியிருப்பார். பாடசாலையில் ஆசிரியர் தமிழில் எழுதியது வேறு மாதிரி. சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கில எழுத்துகள் மூன்றாவது மாதிரி. பிறப்புச் சான்றிதழில் 'சிவகுமாரன்', பாடசாலையில் 'பெ. சிவகுமார்', அடையாள அட்டையில் 'பெருமாள் சிவகுமார்' என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்றும் ஒரே பொடியன். வெளிநாட்டு அனுமதிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று பேர்.

பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றை எடுங்கள். அதையும் அடையாள அட்டையையும் பரீட்சைச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் அதே செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்குக் கொடுக்கலாம். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பெற்றோரின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். அப்பா அம்மாவின் கல்யாணம் பதியப்படவே இல்லை என்றால் அதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். நம் பக்கத்தில் இது புதுசில்லை, செயலகத்தில் இருப்பவர்களுக்கும் புதுசில்லை. பத்திரத்துக்கான கட்டணம் சின்னதுதான். பெற்றோர் கூட வர வேண்டியிருந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போகும், அதுதான் செலவு. ஆகவே போகும் முன் தொலைபேசியில் கேட்டு, அதிகாரி இருக்கும் நாளில் போங்கள்.

வரிசை முக்கியம்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ்கள், கடைசியில் கடவுச்சீட்டு. கடவுச்சீட்டை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு திருத்தினால் கடவுச்சீட்டுக்கு மறுபடி காசு கட்டுவீர்கள்.

இன்னொரு பொறி. பிறப்புச் சான்றிதழில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் கடவுச்சீட்டில் அது குடும்பப்பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மற்றப் பெயர் இடம் காலியாக இருக்கும். அமெரிக்க விசாவில் அந்தக் காலி இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதற்கான எஃப்என்யு என்ற மூன்று எழுத்தைப் போடுவார்கள். அங்கே எனக்குக் கிடைத்த முதல் அடையாள அட்டையில் என் பெயரே எஃப்என்யுதான்; ஆய்வுகூடத்தில் ஒருவர் கொஞ்ச நாள் அப்படியே கூப்பிட்டார். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் வங்கிக் கணக்கு, சம்பளப் பதிவு எல்லாவற்றிலும் அது பின்னாலேயே வரும். தகப்பன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால் கடவுச்சீட்டுக்கு முன்பே செய்யுங்கள்.

திருத்த முடியாத வித்தியாசங்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் ஒரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். இரண்டு பேரிடம் கொடுத்தால் பொகவந்தலாவையை இரண்டு விதமாக எழுதித் தருவார்கள்.

2. உயர்தரம்: பாடசாலை மாறும் முன்

கணிதப் பிரிவு: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இதில் மாற்று வழி தேட வேண்டாம்.

பல்கலைக்கழக அனுமதியில் இடங்கள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பிரிகின்றன. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. மாவட்டம் எது என்பது நீங்கள் படித்த பாடசாலையை வைத்தே முடிவாகும், வீட்டு முகவரியை வைத்து இல்லை. 'அங்கே ரியூசன் நல்லம்' என்று தலவாக்கலையிலிருந்து கண்டிக்குப் பாடசாலை மாறினால் ஒரு கையால் வாங்குவதை மறு கையால் கொடுக்க நேரலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் பாடசாலையில் கணிதப் பிரிவே இல்லை என்றால் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பாடசாலையை முதலில் தேடுங்கள்.

பணத்துக்கு: தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே, செவெட் என்று சொல்லப்படும் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசில் இருக்கிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான கடிதம் கேட்பார்கள். தோட்ட ஆபீஸில் கிளாக்கரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் துரையின் கையெழுத்து காலத்துக்கு வரும்.

இசட் புள்ளி நன்றாக வந்தால் வீட்டில் "என்ஜினியரிங்" என்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பொறியியல் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவர்களும் உண்டு. உணர்கருவி செய்ய இலத்திரனியல் தெரிந்தவர்கள் வேண்டும். ஆனால் குவாண்டம் பொறிமுறையையும் புள்ளியியல் பௌதிகவியலையும் பிறகு தனியே கற்க வேண்டிவரும்.

3. பல்கலைக்கழகம்: மூன்று வருடத்தோடு நிற்காதீர்கள்

பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், களனி, எங்கே கிடைத்தாலும் சரி, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு போனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கலாநிதிப் படிப்புக்கு ஏற்காது. சிறப்புக்குத் தெரிவு முதல் வருடங்களின் பெறுபேற்றை வைத்துத்தான். ஆகவே முதலாம் வருடத்தில் "ஆங்கிலம் பழகட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி கிடைக்கிறது அல்லவா, அதை ஆங்கிலத்துக்கும் பைதன் நிரலாக்கத்துக்கும் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் வகுப்புக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே கரும்பொருள் தேட மாட்டார்கள். ஆனால் பட்டம் முடித்த கையோடு ஆய்வு உதவியாளராக ஒரு வருடம் இருந்தால் ஆய்வு என்றால் என்னவென்று தெரியும், சிபாரிசுக் கடிதம் எழுத ஒருவர் கிடைப்பார்.

4. லெப்டொப்பில் தொடங்கும் ஆய்வு

இலங்கையில் கரும்பொருள் ஆய்வுகூடம் இல்லையே என்று கைகட்டி இருக்க வேண்டாம். தரவு இலவசமாகக் கிடக்கிறது.

இறுதி வருடச் செயற்றிட்டத்துக்கு நான் முதலில் சொல்வது ஸ்பார்க் என்ற தரவுத்தொகுப்பு. 2016இல் வெளியானது, 175 விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வேகங்கள் அதில் இருக்கின்றன. ஒன்றை எடுங்கள். நடுவிலிருந்து உள்ள தூரத்துக்கு எதிராக வேகத்தை வரையுங்கள். நட்சத்திரமும் வாயுவும் மட்டும் இருந்தால் வெளிப்புறத்தில் வேகம் குறைய வேண்டும், ஆனால் கோடு தட்டையாகவே போகும். அந்த இடைவெளியை நிரப்ப எவ்வளவு கரும்பொருள் தேவை என்று பொருத்திப் பாருங்கள். சாதாரண லெப்டொப் போதும். முதல்முறை அந்தக் கோடு திரையில் வரும்போது உங்கள் நிரலில்தான் ஏதோ பிழை என்று நினைப்பீர்கள். பிழை இல்லை.

கொஞ்சம் துணிவு இருந்தால் 2008இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் காமாக் கதிர்த் தரவு. குள்ள விண்மீன் மண்டலங்களின் திசையில், கரும்பொருள் துணிக்கைகள் ஒன்றையொன்று அழிப்பதால் மேலதிகக் காமாக் கதிர் வருகிறதா என்று பார்க்கலாம். தரவும் மென்பொருளும் இலவசம். ஆய்வுக் கட்டுரைகளும் ஆர்கைவ் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். 'கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம், 200 டொலர் அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அப்படி வெளியிட்ட கட்டுரை விண்ணப்பத்தில் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

5. எந்த நாடு, எந்தச் சோதனை

பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடாதீர்கள், சோதனையின் பெயரைத் தேடுங்கள். அந்தச் சோதனையில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யார் அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் தென் டகோடாவின் பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய 1.5 கிலோமீற்றர் ஆழத்தில் எல்இசெட் என்ற கரும்பொருள் சோதனை இயங்குகிறது. உள்ளே கரும்பொருள் மோதுகிறதா என்று பார்க்க வைத்திருக்கும் திரவ செனன் 7 தொன். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் செனன்-என்டி, சீனாவின் ஜின்பிங்கில் பாண்டா-எக்ஸ், இவையும் அதே வகை. கனடாவின் சட்பரியில் ஸ்னோலாப் 2 கிலோமீற்றர் ஆழம். அது இருப்பது இன்றும் நிக்கல் தோண்டும் சுரங்கத்துக்குள். சுரங்கத் தொழிலாளரோடு கூண்டில் இறங்கி, சுரங்கப்பாதையில் நடந்து, வாசலில் குளித்து உடை மாற்றிய பிறகுதான் ஆய்வுகூடத்துக்குள் விடுவார்கள். இவ்வளவு ஆழம் எதற்கு? வானத்திலிருந்து கொட்டும் கதிர்களைப் பாறை தடுக்கும். மேலேயே தேடுவது, தேயிலை ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் ஊசி விழும் சத்தத்தைக் கேட்கப் பார்ப்பது மாதிரி.

செலவுப் பக்கம் பார்ப்போம். அமெரிக்காவில் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்குப் போகலாம். பௌதிகவியலில் கட்டணத்தைத் திணைக்களம் ஏற்று, கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மாதச் சம்பளமும் தருவதுதான் வழக்கம். கனடாவில் பெரும்பாலும் முதுமாணியில் தொடங்குவீர்கள், அதற்கும் பணம் கொடுப்பார்கள். ஜெர்மனிக்கு முதுமாணி முடித்திருக்க வேண்டும், அதன்பின் கலாநிதி மாணவர் ஒரு ஊழியர். "ஜெர்மனியில் கட்டணமே இல்லை" என்று ஏஜென்சிக்காரர் சொல்வதை முழுதாக நம்பாதீர்கள். ஹைடல்பெர்க்கும் கார்ல்ஸ்ரூவும் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் முதுமாணிக்கு நம்மைப் போன்றவர்களிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அதற்கு மேல், விசாவுக்காக, முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கில் ஒரு வருடச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். தோட்டக் குடும்பத்துக்கு இது எட்டாத தொகை.

எட்டக்கூடிய ஒரு வழி இத்தாலியின் திரியெஸ்தெ நகரிலுள்ள ஐசிடிபி என்ற சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் மையம். வளர்ந்துவரும் நாடுகளின் மாணவர்களுக்கென்று அங்கே ஒரு வருட டிப்ளோமா நடக்கிறது, உயர்சக்தி, அண்டவியல், வான்துணிக்கைப் பௌதிகவியல் சேர்ந்த பிரிவும் உண்டு. வாழ்க்கைச் செலவு அவர்களுடையது. அதை முடித்துவிட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கலாநிதிப் படிப்புக்குப் போனவர்கள் நிறையப் பேர். கோட்பாட்டுப் பக்கம் விருப்பம் உள்ளவர்களுக்கு இதைத்தான் முதல் தெரிவாகச் சொல்வேன்.

6. விண்ணப்ப வருடத்தின் நாட்காட்டி

அமெரிக்காவை வைத்துச் சொல்கிறேன். அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் போக, இந்த வருடம் ஜூனில் தொடங்க வேண்டும்.

ஜூன், ஜூலை: ஆங்கிலப் பரீட்சை. பெறுபேறு இரண்டு வருடம் செல்லும், ஆகவே ரொம்ப முன்னதாக எழுதிவைத்தும் பயனில்லை. ஜிஆர்இ பௌதிகப் பரீட்சையைப் பல திணைக்களங்கள் இப்போது கேட்பதில்லை. கேட்கும் இடம் உங்கள் பட்டியலில் இருந்தால் மட்டும் காசைப் போடுங்கள்.

ஓகஸ்ட்: பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல். ஐந்தாறு வரி போதும். அவருடைய அண்மைய கட்டுரை ஒன்று, அதோடு ஒட்டி நீங்கள் செய்த வேலை, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா என்ற கேள்வி. 'மரியாதைக்குரிய ஐயா, சிறுவயது முதலே வானத்தைப் பார்த்து' என்று தொடங்கினால் வாசிக்க மாட்டார்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டுங்கள், அதோடு விடுங்கள்.

செப்டெம்பர்: சிபாரிசுக் கடிதம் மூன்று. விரிவுரையாளரை நேரில் பார்த்து, உங்கள் பெறுபேறு, செயற்றிட்ட அறிக்கை, கடைசித் திகதிகளின் பட்டியல் மூன்றையும் ஒரே உறையில் கொடுங்கள். அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள், ஜிமெயில் கொடுத்தால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள். "கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா" என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னால், நீங்கள் செய்தவற்றைக் குறிப்பாக எழுதிக் கொடுத்து, கடிதத்தை அவரையே எழுதச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். ஒரே கைநடையில் மூன்று கடிதம் போனால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

ஒக்டோபர்: பெறுபேற்றுப் பத்திரம். நம் பல்கலைக்கழகங்களில் இதற்குக் கிழமைக்கணக்கில் எடுக்கும். நான் படித்த இடத்தில் கையெழுத்து வைப்பவர் லீவில் போக, கடிதம் மேசையிலேயே கிடந்தது. விண்ணப்பிக்கும்போது பல இடங்களில் உத்தியோகபூர்வமற்ற பிரதி போதும், அனுமதி கிடைத்த பிறகுதான் மூலப் பிரதி கேட்பார்கள். இது தெரியாமல் எல்லா இடத்துக்கும் தபாலில் அனுப்பிக் காசைக் கரைக்காதீர்கள்.

டிசம்பர்: பெரும்பாலான கடைசித் திகதிகள் 1ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் நடுவே. அவர்களுடைய நள்ளிரவு நமக்கு மறுநாள் காலை, ஆனால் அந்த அரை நாளை நம்பி இருக்காதீர்கள். மழை பெய்தால் நம் பக்கத்தில் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும்.

ஜனவரி முதல் மார்ச் வரை பதில் வரும். இடம் கிடைத்தால் ஏப்ரல் 15க்குள் முடிவு சொன்னால் போதும். அதற்கு முன் அவசரப்படுத்தினால் பயப்பட வேண்டாம், அந்தத் திகதிவரை யோசிக்க நேரம் தருவது பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வழக்கம்.

7. காசு எங்கே போகும்

விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 முதல் 100 டொலர் வரை, சில இடத்தில் அதற்கும் மேல். பத்து இடம் போட்டால் குடும்பத்தின் பல மாதச் சம்பளம். ஆகவே கட்டண விலக்குக் கேளுங்கள். பட்டதாரிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, குடும்ப வருமானத்தை மறைக்காமல் சொல்லிக் கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள். நவம்பரில் கேளுங்கள், கடைசிக் கிழமையில் கேட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஐந்தாறு இடத்தை நன்றாகத் தெரிவுசெய்து போடுவது, பதினைந்து இடத்துக்கு வீசுவதை விட மேல்.

வங்கிக் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுத் திறந்துவையுங்கள். கடைசி இரவில் கார்டு மறுக்கப்பட்டால் உதவ யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் அனுமதி வந்த பிறகு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டொலர். இரண்டும் திருப்பித் தரப்படாது. விமானச் சீட்டு, வீட்டு முற்பணம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு என்று இன்னொரு தொகை வேண்டும். முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகலாம். நகையை அடகு வைக்கும் முன் திணைக்களத்தில் கேளுங்கள். முற்பணமோ சின்னக் கடனோ ஏற்பாடு செய்யும் இடங்கள் இருக்கின்றன.

8. விசா

பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவம் வந்தவுடன் செவிஸ் கட்டி, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, மே மாதத்திலேயே நேர்முகத்துக்குத் திகதி எடுங்கள். நம் துறையில் ஒரு தனிச் சிக்கல்: பௌதிகவியல் என்றதும் மேலதிகச் சோதனைக்குப் போடுவது உண்டு, அது கிழமைகளோ மாதங்களோ இழுக்கும். உங்கள் ஆய்வு என்ன என்பதை ஒரு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் சுயவிபரத்தையும் மேற்பார்வையாளரின் விபரத்தையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். "என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்றால் இரண்டு வாக்கியம்: பிரபஞ்சத்தின் கரும்பொருளைத் தேடும் அடிப்படை ஆய்வு, இன்ன பல்கலைக்கழகம், முழுச் செலவும் அவர்களுடையது. அணு, கதிரியக்கம் என்று நீட்டி முழக்க வேண்டாம்.

கொழும்பில் காலை நேர்முகம் என்றால் முதல்நாளே போய்த் தங்குங்கள். கடுகண்ணாவையில் மண் சரிந்தால் அமெரிக்கத் தூதரகம் காத்திருக்காது.

பலரும் மறப்பது தடுப்பூசி. தட்டம்மைக்கான எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு தடவை போட்டதற்குப் பல்கலைக்கழகம் அத்தாட்சி கேட்கும். சின்ன வயதுக் கிளினிக் கார்டு இருந்தால் தேடி எடுங்கள். லயத்தில் நனைந்து போயிருந்தால் இங்கேயே மறுபடி போட்டுக் கடிதம் வாங்குங்கள், அங்கே போய்ப் போட்டால் செலவு பல மடங்கு.

9. போய்ச் சேர்ந்த பிறகு

கலாநிதிப் படிப்பு அமெரிக்காவில் ஐந்து ஆறு வருடம். அதன்பின் போஸ்ட்டொக் எனப்படும் தற்காலிக ஆய்வாளர் வேலை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வருடம், பெரும்பாலும் வேறு வேறு நாட்டில். நிரந்தரப் பேராசிரியர் இடம் கிடைப்பவர்கள் சிலரே. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், "இன்னும் படிக்கிறாயா?" என்ற கேள்வி வருடாவருடம் வரும்.

அன்றாட வேலையில் வானம் கிடையாது. செனனில் கலந்த ரேடனின் அளவு, ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று ஏன் கூடுதலாகத் துடிக்கிறது, இரவு ஷிஃப்டில் அழுத்தமானி ஏன் ஏறியது, இதுதான். நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்த குழுவில் உங்கள் பெயர் கட்டுரையில் அகரவரிசையில் எங்கோ இருக்கும். எல்இசெட் 2024இல் 280 நாள் தரவை வைத்துச் சொன்னதும் 'இந்த அளவுக்குள் எதுவும் தென்படவில்லை' என்பதுதான். இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு விடை. அதில் சந்தோஷப்பட முடியாதவர்களுக்கு இந்த வேலை கஷ்டம். தரவுப் பகுப்பாய்வும் உணர்கருவி அனுபவமும் கையில் இருப்பதால், துறையை விட்டாலும் மருத்துவப் படிமவியல், மென்பொருள், காப்புறுதி என்று வேலை கிடைக்கிறது.

கிளம்பும் முன் ஒரு காரியம். பட்டச் சான்றிதழ், பெறுபேறு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்றுறுதி செய்துவையுங்கள். பரீட்சைச் சான்றிதழ்களை முதலில் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும். பிறகு உங்கள் சார்பில் பத்திரம் எடுக்க அக்காவுக்கோ தம்பிக்கோ ஒரு அதிகாரக் கடிதம் எழுதி, அடையாள அட்டைப் பிரதியோடு வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். கடிதத்தில் அவர்களுடைய பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.